போலிகளின் இலக்கணம்

மென்பொருள் எழுதுவோர் அன்றாடம் புழங்கும் கலைச்சொற்களுள் ஒன்று 'மாக் ஆப்ஜெக்ட்'. ஆங்கில அகராதியில் 'மாக்' என்னும் சொல்லுக்கு முதலில் கிடைப்பது கேலி, ஏளனம் என்ற பொருள். அதைக் கொண்டு தமிழாக்கினால் 'கேலிப்பொருள்' என்றொரு விபரீதம் பிறக்கும். 'மாதிரி' என்பதும் பொருந்தாது. மாதிரி என்பது பார்த்துச் செய்வதற்கு உரியது. இதுவோ ஒன்றன் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வதுபோல் காட்டுவது. நம் இலக்கணத்திலேயே இதற்கு ஒரு சொல் காத்திருக்கிறது: போலி.

நன்னூல் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருப்பின் அது போலி. மயல் மையல் ஆவது முதற்போலி. அமச்சு அமைச்சு ஆவது இடைப்போலி. நிலம் நிலன் ஆவது கடைப்போலி. பொருள் மாறாதிருத்தல் என்பதே இதன் உயிர். நிலம் நிலன் ஆகலாம்; பட்டம் பட்டன் ஆனால் பொருளே வேறு. கடைத்தெருவிலோ இதே சொல்லுக்கு மற்றொரு முகம் உண்டு. போலி மருந்து, போலிச் சான்றிதழ், போலி மருத்துவர். தோற்றம் மாறாதிருக்க, உள்ளே பொருள் மாறிப்போனது. மென்பொருள் சோதனையில் மாக் என்னும் உத்தி இலக்கணப் போலியாகப் பிறந்து, பலர் கையில் கடைத்தெருப் போலியாக மாறிவிட்டது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

இது கணினிக்காரர்களின் வீட்டு விவகாரம் அல்லவா, இலக்கியம் பேசுவோருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் மதிப்பெண், ஊதியம், ரயில் பயணச்சீட்டு, மருத்துவமனைக் கணக்கு எல்லாம் இன்று நிரல்களின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அந்த நிரல்கள் சரியாக இருக்கின்றன என்று உறுதி சொல்பவை சோதனைகள். சோதனை என்பதும் எழுதப்படும் ஒரு பனுவல்தான். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதுபோல் பாவனை செய்கிறது என்று பார்ப்பது வாசிப்புப் பழகியவர்களுக்கு அந்நியமான வேலையன்று.

*

முதலில் பொறியமைப்பைப் பார்த்துவிடுவோம். ஒரு நிரலின் சிறு பகுதியைத் தனியே பிரித்தெடுத்து, அது தன் கடமையைச் செய்கிறதா என்று இன்னொரு சிறு நிரலால் சரிபார்ப்பது அலகுச் சோதனை. 1997ஆம் ஆண்டில் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் எழுதிய ஜேயூனிட் என்னும் கருவி இப்பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. சோதனை தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு.

சிக்கல் எங்கே வருகிறது? எந்தப் பகுதியும் தனித்து வாழ்வதில்லை. ஆப்ஜெக்ட் என்பதை இங்கே 'உறுப்பு' என்று குறிக்கிறேன். 'பொருள்' என்றால் அர்த்தத்தோடு குழம்பும். ஒரு நூலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தவணை கடந்த நூல்களைக் கண்டறியும் உறுப்பு ஒன்று. அதற்கு நினைவூட்டி என்று பெயர். அது தானே செய்தி அனுப்பாது. அனுப்புநர் என்ற மற்றோர் உறுப்பிடம் 'இந்த எண்ணுக்கு இந்தச் செய்தியை அனுப்பு' என்று ஏவும். நினைவூட்டியைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் உண்மையான அனுப்புநரைப் பயன்படுத்தினால் மாணவர்களின் கைபேசிகளுக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கும், காசும் செலவாகும். ஆகவே அனுப்புநரின் இடத்தில் ஒரு போலியை நிறுத்துகிறார்கள். சினிமாவில் நாயகனுக்குப் பதில் மாடியிலிருந்து குதிப்பவரை 'டூப்' என்கிறோமே, அதே ஏற்பாடு. ஜெரார்டு மெசாரோஸ் 2007இல் வெளியிட்ட சோதனை வடிவங்கள் பற்றிய பெருநூலில், இத்தகைய பதிலிகளுக்குப் பொதுப்பெயர் தேடியபோது சினிமாவின் அந்தச் சொல்லைத்தான் எடுத்தாண்டார். அவற்றை ஐந்தாகவும் வகைப்படுத்தினார். அவற்றுள் இரண்டு மட்டும் நமக்குப் போதும்.

ஒன்று ஸ்டப். கேட்ட கேள்விக்கு முன்பே சொல்லிக்கொடுத்த விடையை ஒப்பிக்கும் போலி. மற்றது மாக். இதனிடம் முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பை எழுதிவைக்கிறோம்: 'உன்னிடம் அனுப்பு என்ற ஏவல் ஒரே ஒருமுறை வரவேண்டும், இந்த எண்ணோடும் இந்தச் செய்தியோடும் வரவேண்டும்.' பிறகு நினைவூட்டியை இயக்குகிறோம். ஏவல் வந்தால் பச்சை. வராவிட்டாலோ இருமுறை வந்தாலோ வேறு செய்தியோடு வந்தாலோ சிவப்பு. ஸ்டப் முடிவைச் சோதிக்க உதவுகிறது. மாக் உரையாடலைச் சோதிக்கிறது. மார்ட்டின் ஃபவுலர் 2004இல் எழுதி 2007இல் திருத்திய புகழ்பெற்ற கட்டுரையின் மையக்கருத்தும் இந்த வேறுபாடுதான்.

*

இந்த உத்தி பிறந்த இடம் லண்டன். கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்திலும் அதைச் சூழ்ந்த நண்பர் குழுவிலும் உருவான யோசனையை, டிம் மக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் மூவரும் 2000ஆம் ஆண்டில் இத்தாலியின் சார்டீனியாத் தீவில் நடந்த மாநாட்டில் கட்டுரையாக முன்வைத்தார்கள். அவர்களைத் தூண்டிய கேள்வி அழகானது. ஓர் உறுப்பின் வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அது பிறரோடு பேசுவதைக் கேட்டே அதன் குணத்தை அறிய முடியுமா? நாடக ஆசிரியன் பாத்திரத்தின் மனத்தை விவரிப்பதில்லை; உரையாடலை எழுதுகிறான். அதுபோன்ற நோக்கம்.

2004இல் அக்குழுவினர் எழுதிய அடுத்த கட்டுரை இன்னும் தெளிவானது. போலியாக நிறுத்த வேண்டியது உறுப்பை அன்று, அது ஏற்கும் பாத்திரத்தை என்பது அதன் தலைப்பிலேயே சொல்லப்பட்ட செய்தி. நினைவூட்டியை எழுதும்போது அனுப்புநர் என்று ஒருவர் இன்னும் பிறக்கவேயில்லை என்று கொள்ளுங்கள். 'எனக்கு இப்படி ஏவலைக் கேட்டு நடக்கும் ஒருவர் வேண்டும்' என்று எதிர்பார்ப்பை முதலில் எழுதுகிறோம். அந்த எதிர்பார்ப்பே அனுப்புநர் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகப் பிறப்பில் மாக் என்பது வடிவமைக்கும் கருவி. பிழை பிடிக்கும் பொறி என்பது அதன் இரண்டாவது தொழில்தான்.

ஈஸிமாக், ஜேமாக், மாக்கிட்டோ என்று அடுத்தடுத்து வந்த கருவிகள் போலி செய்வதை மிக எளிதாக்கின. எளிதானதும் நடந்தது வேறு. எழுதி முடித்த நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது செய்யும் ஒவ்வோர் அழைப்பையும் எதிர்பார்ப்பாகப் பெயர்த்தெழுதும் பழக்கம் பரவியது. முதலில் பதிவேட்டைத் திற, பிறகு மாணவர் பெயரை வாங்கு, பிறகு தேதியைக் கேள், பிறகு அனுப்பு. நிரலில் இந்த நான்கு வரி. சோதனையிலும் இதே நான்கு வரி, எதிர்பார்ப்பு வடிவில்.

பதவுரை என்ற பெயரில் செய்யுளின் சொற்களையே முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தருகிற மலிவு உரைநூல்களை நாம் அறிவோம். படித்தவனுக்கு அது எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை. ஆனால் மூலத்தில் ஓர் எழுத்து பாடபேதமானால் உரையும் உடனே பொய்யாகிவிடும். இத்தகைய சோதனைகளும் அப்படித்தான். தேதியை முதலிலும் பெயரைப் பிறகும் கேட்குமாறு நிரலை மாற்றினால் நூலகத்துக்கோ மாணவருக்கோ எந்த நட்டமும் இல்லை. ஆனால் சோதனைகள் சிவந்து நிற்கும். சிவப்பைக் கண்டு சலித்த நிரலாளர் என்ன செய்வார்? நிரலைப் பார்த்துச் சோதனையைத் திருத்துவார். நிரல் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் சோதனை அங்கே பிறக்கிறது. அரசவையில் ஆமோதிப்பவர்கள் மட்டுமே இருந்தால் அரசனுக்கு என்ன நேரும் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிப்பொழுதில் சோதனைகளை எழுதித் தருகின்றன. இருக்கும் நிரலைப் படித்தே அவை எழுதும்போது, நிரல் செய்வதெல்லாம் சரியென்று கொண்டு அதையே எதிர்பார்ப்பாக்கும் ஆபத்து இன்னும் பெருகியிருக்கிறது.

*

இது ஒரு நோய் மட்டுமே. தேவையற்ற இடத்தில் சிவப்பது. இதைவிடக் கொடியது மற்றது: சிவக்க வேண்டிய இடத்தில் பச்சையாக நிற்பது.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் நடந்தது. நூலகத்திலிருந்து மாணவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு. செய்தி தமிழில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வாசகத்தை எழுதித் தருமாறு தமிழ்த்துறையைக் கேட்டார்கள். தேர்வுக் காலத்துக்கு எழுதிய வாசகம் இது: 'தேர்வு முடியும்வரை நூலகத்திலிருந்து எடுத்த நூலைத் திருப்பித் தரத் தேவையில்லை'. எளிய தொடர், 38 எழுத்து. சோதனைகள் எல்லாம் பச்சை. இந்த எண்ணுக்கு, இந்த வாசகத்தோடு, ஒருமுறை ஏவல் வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு, அப்படியே வந்தது.

ஆனால் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது வேறு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடமுண்டு. யூனிகோடு முறையில் தமிழில் அனுப்பினால் 70 குறியீடுகளே அடங்கும். அதிலும் நாம் எண்ணுவதுபோல் அது எண்ணுவதில்லை. 'நூல்' நமக்கு ஈரெழுத்து. யூனிகோடில் நகரம் ஒன்று, ஊகாரக் குறி ஒன்று, லகரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக நான்கு. அந்தக் கணக்கில் மேற்சொன்ன வாசகம் இடைவெளிகளோடு சேர்த்து 76. நீண்ட செய்தியைப் பிரித்து அனுப்பி இணைக்கும் ஏற்பாடு குறுஞ்செய்தித் தொழில்நுட்பத்தில் உண்டு. இந்தக் கல்லூரி அமர்த்தியிருந்த சேவையோ எழுபதோடு வெட்டிவிட்டது. எழுபதாவது குறியீடு எங்கே விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். 'திருப்பித் தரத் தேவை' என்பதோடு செய்தி முடிகிறது. 'யில்லை' காற்றில் போயிற்று.

வினையும் மறுப்பும் தொடரின் ஈற்றில் நிற்பது தமிழின் இயல்பு. ஆங்கிலத் தொடரின் வால் அறுந்தால் பெரும்பாலும் விவரம் குறையும். தமிழ்த் தொடரின் வால் அறுந்தால் பொருளே தலைகீழாகலாம். தேர்வுக்கு முந்தைய நாள், மறுநாள் படிக்க வேண்டிய நூல்களைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் நூலக வாசலில் வரிசையில் நின்றார்கள். சோதனைகள் அப்போதும் பச்சையாகவே இருந்தன. போலி அனுப்புநருக்கு எழுபது என்ற எல்லை தெரியாது. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு தொடர் பொருள் தருவதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மை மூன்றும் வேண்டும் என்று நம் உரையாசிரியர்கள் கூறுவர். 'கொடுத்தான்' என்றதும் யார், எதை, யாருக்கு என்று சொல் ஏங்கி நிற்கிறதே, அது அவாய்நிலை. 'நெருப்பால் நனைத்தான்' என்னும் தொடரில் அந்த ஏக்கம் தீர்ந்துவிடுகிறது. ஆனால் நெருப்புக்கு நனைக்கும் தகுதி இல்லை. காலையில் 'பசுவை' என்று சொல்லி மாலையில் 'கட்டு' என்று முடித்தால் அண்மை இல்லை. மாக்கின் எதிர்பார்ப்பு சோதிப்பது அவாய்நிலையை மட்டுமே. ஏவல் வந்ததா, உரிய சொற்களோடு வந்ததா என்று பார்க்கிறது. ஏவப்பட்டவருக்கு அதைச் செய்யும் தகுதி உண்டா என்று அதற்குத் தெரியாது. அண்மையும் அதன் கையில் இல்லை. போலியை இரண்டாண்டுக்கு முன் எழுதியிருப்போம். வெளிச் சேவை சென்ற மாதம் தன் விதியை மாற்றியிருக்கும். பழைய எதிர்பார்ப்போ பழைய உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கும். மூன்றில் ஒன்று நிறைந்ததற்குக் கிடைக்கும் பச்சையை மூன்றும் நிறைந்ததற்கான பச்சையாக வாசிப்பதுதான் பிழை.

இதன் பேருருவை 1996இல் உலகம் கண்டது. அவ்வாண்டு ஜூன் 4ஆம் தேதி, பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. சுமார் 40 வினாடிகளில் பாதை விலகிச் சிதறியது. அது சுமந்துசென்ற நான்கு கிளஸ்டர் அறிவியல் செயற்கைக்கோள்களும் அழிந்தன. ராக்கெட்டின் நிலையையும் இயக்கத்தையும் அளக்கும் வழிகாட்டி அமைப்பின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து எடுக்கப்பட்டது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட மிக அதிகம். அதனோடு தொடர்புள்ள ஒரு மதிப்பை 64 பிட்டிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் இடம்கொள்ளாமல் வழிந்தது. முதன்மை அமைப்பும் மாற்று அமைப்பும் ஒரே மென்பொருளை இயக்கியதால் இரண்டும் ஒரே காரணத்தால் செயலிழந்தன. பறக்கும் முன் செய்த முழு அமைப்புச் சோதனைகளில் இது ஏன் தெரியவில்லை? கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு விடை கூறியது. அச்சோதனைகளில் உண்மையான வழிகாட்டி அமைப்பைச் சேர்க்காமல், அதன் வெளியீட்டைப் போலச்செய்த தரவையே பயன்படுத்தியிருந்தார்கள். அது அலகுச் சோதனை மாக் அன்று. ஆனால் தத்துவம் அதேதான். பிழை குடியிருந்த இடத்திலேயே போலியை நிறுத்திவிட்டுப் பிழை இல்லை என்று முடிவுகட்டினார்கள்.

*

அப்படியானால் மாக்கை ஒழித்துவிடலாமா? அப்படி வாதிட்டவர்களும் உண்டு. ரூபி ஆன் ரெயில்ஸ் கட்டமைப்பை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சன் 2014இல் சோதனையை முன்வைத்து நிரல் எழுதும் முறையையே கடுமையாகத் தாக்கினார். அதைத் தொடர்ந்து அவரும் கென்ட் பெக்கும் ஃபவுலரும் நடத்திய உரையாடல்களில், தாம் மாக்கை அநேகமாகப் பயன்படுத்துவதே இல்லை என்று பெக் கூறினார்.

எனக்கு அந்த அளவு துறவு தேவையென்று தோன்றவில்லை. போலி இல்லாமல் சோதிக்கவே முடியாத இடங்கள் உண்டு. வங்கிச் சேவை நடுவழியில் அறுந்தால் நிரல் என்ன செய்யும்? உண்மையான வங்கியை நம் வசதிக்கு அறுக்க முடியாது. போலியைக் கொண்டுதான் அந்தத் தோல்வியை வரவழைக்க முடியும். ஒரே கட்டணத்தை இருமுறை வசூலிக்கக் கூடாது என்ற உறுதியை 'ஒரே ஒருமுறை' என்னும் எதிர்பார்ப்பைவிடச் சுருக்கமாக வேறெதுவும் சொல்லிவிடாது. லண்டன் குழுவினர் சொல்லும் இன்னொன்றும் உண்மை. ஒரு சிறு சோதனைக்குப் பத்து எதிர்பார்ப்பு எழுத வேண்டியிருந்தால் குற்றம் மாக்கில் இல்லை; அந்த உறுப்பு பத்துப் பேரோடு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்பதே செய்தி. வலியைக் காட்டும் நரம்பை அறுப்பது மருத்துவம் ஆகாது.

ஆகவே போலிக்கு இலக்கணம் வேண்டும் என்கிறேன். ஃப்ரீமனும் நாட் பிரைஸும் 2009இல் எழுதிய நூலில் அதற்கான அடிப்படைகள் உள்ளன. வினாவையும் ஏவலையும் பிரிக்க வேண்டும் என்பது முதலாவது. தேதி என்ன என்று கேட்பது வினா; எத்தனை முறை கேட்டாலும் உலகம் மாறாது. அங்கே விடையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கலாம், எதிர்பார்ப்பு வேண்டாம். செய்தியை அனுப்பு என்பது ஏவல், உலகம் மாறுகிறது. எதிர்பார்ப்பு அங்கே மட்டும் இருக்கட்டும். இரண்டாவது, நமக்கு உரிமையில்லாத ஒன்றுக்குப் போலி செய்யக் கூடாது. பிறர் நடத்தும் குறுஞ்செய்திச் சேவையின் குணங்கள் நமக்கு முழுவதும் தெரியா. அதற்கும் நமக்கும் இடையே நம்முடைய சிறு உறுப்பு ஒன்றை எழுதி, அதற்கே போலி செய்ய வேண்டும்.

இவற்றோடு நான் அழுத்திச் சொல்ல விரும்பும் மூன்றாவது ஒன்றுண்டு. போலி நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும், அசல் வந்து நிற்கும் சோதனை ஒன்றேனும் வேண்டும். போலி தேறிய அதே கேள்விகளுக்கு அசலும் தேறுகிறதா என்று குறித்த கால இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தகுதியும் அண்மையும் அங்கேதான் சோதிக்கப்படுகின்றன. நிலன் என்பது நிலத்துக்குப் போலி என்று நாம் ஏற்பது, நிலம் என்ற சொல்லும் நம்மிடையே வழங்குவதால்தான். அசல் வழக்கொழிந்த இடத்தில் போலியைச் சரிபார்க்க எந்த அளவுகோலும் மிஞ்சாது.

எழுபது குறியீட்டுக்கு மேல் ஒரே ஒரு தமிழ்ச் செய்தியை உண்மையான சேவை வழியாக ஓர் ஆசிரியரின் கைபேசிக்கு அனுப்பிப் பார்த்திருந்தால், அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் அன்று மாலை வீட்டில் அமர்ந்து படித்திருப்பார்கள். அதற்கு ஆகும் செலவு சில காசுகள். பச்சை விளக்குகளை எண்ணிப் பெருமைப்படும் திட்ட மேலாளர்கள், அவற்றுள் எத்தனை அசலைத் தொட்டு எரிந்தவை என்று ஒருமுறை கேட்டால் போதும்.